நின்ற நாளுக்குக் கூலி இல்லை: புது லாரி டிரைவரும் நடைக்கணக்கும்

அக்கா மகன் ஹெவி லைசென்ஸ் எடுத்து, நாமக்கல் பக்கம் முப்பது சொச்சம் லாரி வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. தனியாக ஓட்டிய முதல் நடையை முடித்துவிட்டு வந்த அன்று போன் செய்தான்.

"மாமா, பதினோரு நாள் ஆச்சுங்க. கணக்கு முடிச்சுப் பார்த்தா கையில ஒண்ணும் நிக்கல. பாதி நாள் சும்மா நின்னுட்டே இருந்தேன். நின்ன நாளுக்குக் காசு இல்லீங்களாம்."

எனக்கு லாரித் தொழில் தெரியாது. ஆனால் "நின்ன நாளுக்குக் காசு இல்லை" என்றது மனதில் தங்கிவிட்டது. அவனுடைய டிரிப் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். இரண்டு மூத்த டிரைவர்களிடமும் ஒரு புக்கிங் ஆபீஸ்காரரிடமும் பேசினேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், புது டிரைவர் எப்படி ஓட்டுவான் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது அவனுடைய கூலி எழுதப்படும் விதம். அதை யாரும் டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தருவதில்லை.

லைசென்ஸும் கிளீனரும்

முதலில் சட்டப்படி யார் லாரி ஓட்டலாம் என்று பார்த்துவிடலாம். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்கவேண்டும். இலகு ரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் கனரக வண்டிக்கு எல்.எல்.ஆர். போடமுடியும். எட்டாம் வகுப்பு படித்திருக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது, 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சின்ன சரக்கு வண்டிகளுக்கு சாதாரண இலகு ரக லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. அதனால் பலரும் குட்டி யானையில் ஆரம்பித்து மெல்ல மேலே வருகிறார்கள். கேஸ் டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி என்றால் தனியாக மூன்று நாள் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தென்னிந்திய கேஸ் டேங்கர் உரிமையாளர்களின் சங்கமே நாமக்கல்லில்தான் இருக்கிறது என்பதால் இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு இது பழக்கமான விஷயம்.

இவ்வளவும் செய்தால் லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். ஆனால் இவன் தேர்வில் ஓட்டிக் காட்டியது காலி வண்டி. பத்துச் சக்கர லாரிக்கு இப்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28.5 டன். 2018-க்கு முன்னால் 25 டன்னாக இருந்தது. காலி வண்டி அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். லோடு ஏறிய வண்டி எப்படி நிற்கும், வளைவில் எப்படிச் சாயும் என்பதெல்லாம் வேலைக்குப் போன பிறகுதான் தெரிய வருகிறது.

முன்பெல்லாம் இதற்குக் கிளீனர் வேலை இருந்தது. பதினேழு பதினெட்டு வயதில் லாரியில் ஏறி, டயர் மாற்றி, கிரீஸ் அடித்து, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, பின்னால் நின்று 'வரலாம் வரலாம்' சொல்லி, ராத்திரி ஆளில்லாத ரோட்டில் டிரைவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைக் கொடுக்க, அப்படியே நாலைந்து வருடத்தில் டிரைவர் ஆவார்கள். அதில் அடி உதை உண்டு, கூலி ரொம்பக் குறைவு. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொழிலின் கணக்கு வழக்கு முழுவதையும் கிளீனர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடுவான். எந்த செக்போஸ்டில் என்ன கேட்பார்கள், எந்த மண்டியில் எத்தனை நாள் நிற்கவேண்டிவரும் என்பதெல்லாம் அவனுக்கு டிரைவர் ஆவதற்கு முன்பே தெரியும். இப்போது நிறைய வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. இவனை மூன்று நடை ஒரு மூத்த டிரைவரோடு அனுப்பினார்கள். நாலாவது நடைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

264 மணி நேரத்தில் 56

அந்த நாலாவது நடைதான் பதினோரு நாள் ஆனது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே. அங்கே இறக்கிவிட்டுக் காலியாக லாத்தூர் போய், கோழித் தீவனத்துக்கான சோயாப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு நாமக்கல். போகவர மொத்தம் சுமார் 2,500 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஸ்டியரிங் பிடித்த நேரம் 56 மணிக்குள்தான் வருகிறது.

பதினோரு நாள் என்பது 264 மணி நேரம். அதாவது, ஐந்தில் ஒரு பங்கு கொஞ்சம் கூட. மீதி?

அவன் சொன்னதை வைத்து எழுதிப் பார்த்தேன். சேலத்தில் லோடு ஏற ஒரு நாள். புனேயில் சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்து, குடோன் மூடிவிட்டதால் திங்கள்கிழமை வரை நின்றது. இறக்க ஆள் பிரச்சினை, இன்னொரு நாள். லாத்தூரில் திரும்பும் லோடு உறுதியாக இரண்டு நாள், அதை ஏற்ற மில் வாசலில் வரிசையில் ஒரு நாள். நாமக்கல்லில் தீவன ஆலை வாசலில் அரை நாள். மிச்சம் சாப்பாடு, தூக்கம், டோல்கேட், டீசல்.

இதில் எதுவும் அவன் தப்பில்லை. ஆனால் கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசியது. ஒரு உதாரணத்துக்கு நடைக்கு 11,000 ரூபாய் என்று வையுங்கள். அதே நடை 6 நாளில் முடிந்தால் நாளுக்கு 1,833 ரூபாய். 11 நாள் ஆனால் 1,000 ரூபாய். வழியில் சாப்பாட்டுச் செலவு வேறு அதிலிருந்தே போகும். குடோன்காரர் ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டால் அந்த லீவுக்குச் சம்பளம் கொடுப்பது டிரைவர்.

நாலு வகைக் கணக்கு

லாரி டிரைவரின் கூலியை நாலு விதமாக எழுதுகிறார்கள் என்று புக்கிங் ஆபீஸ்காரர் சொன்னார். கம்பெனிக்குக் கம்பெனி கலந்துகட்டி இருக்கும்.

ஒன்று, மாதச் சம்பளமும் நாளுக்கு இவ்வளவு பேட்டாவும். நின்றாலும் பேட்டா உண்டு. பெரிய கம்பெனிகளில் இப்படி. டிரைவருக்கு நிம்மதி, ஆனால் மொத்தத் தொகை குறைவாகத் தெரியும்.

இரண்டு, நடைக்கு இவ்வளவு. மேலே சொன்னது. சீக்கிரம் முடித்தால் லாபம், தாமதமானால் நஷ்டம்.

மூன்று, வாடகையில் சதவீதம். லாரி வாடகை ஏறினால் கூலியும் ஏறும். ஆனால் வாடகை எடையை வைத்துப் பேசுவதாக இருந்தால், இரண்டு டன் கூடுதலாக ஏற்றுவதில் டிரைவருக்கும் பங்கு வந்துவிடும்.

நாலு, மொத்தமாக ஒரு தொகை. டீசல், வழிச்செலவு, கூலி எல்லாம் அதற்குள். மிச்சம் பிடித்தால் டிரைவருடையது. இதிலேயே ஒரு சின்ன வகை, லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி மைலேஜ் வைத்துவிடுவது. அதற்குமேல் மிச்சமாகும் டீசல் டிரைவர் கணக்கு, குறைந்தால் பிடித்தம்.

ஒவ்வொன்றும் டிரைவரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கூலியைப் பேசும்போது இது யாருக்கும் தோன்றுவதில்லை. ரோட்டில்தான் தெரிகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

இறக்கத்தில் நியூட்ரல்

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் செய்தி அங்கிருந்து அடிக்கடி வரும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது அதற்கு ஒரு காரணம் என்று போலீஸ்காரர்களும் சொல்கிறார்கள், டிரைவர்களும் சொல்கிறார்கள்.

28.5 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் சுமார் 28 மெகாஜூல். நூறு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. டயர் உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் போகும். கியரில் இருந்தால் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பெரும்பங்கை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டும் பயனில்லை. மிச்சமுள்ள வெப்பம் முழுக்க பிரேக் டிரம்முக்குத்தான் போகவேண்டும். டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அவசரத்தில் மறுபடி கியர் போட முயன்றால் அந்த வேகத்தில் விழாது.

இதில் வேதனை என்னவென்றால், இப்போதைய எஞ்சின்களில் நியூட்ரலில் விடுவதால் மிச்சம் எதுவும் இல்லை. கியரில் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது கம்ப்யூட்டரே டீசலை நிறுத்திவிடுகிறது, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் போய்க்கொண்டே இருக்கும். பழைய வண்டிக் காலத்துப் பழக்கத்தை மைலேஜ் பிடித்தம் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. மருமகனுக்கும் மூத்த டிரைவர் ஒருவர் 'நியூட்ரல்ல விடு தம்பி, அரை லிட்டர் மிச்சம்' என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

காத்திருப்பது ஓய்வு ஆகுமா?

இரண்டாவது உதாரணம் தூக்கம். பாதி நாள் நின்றுகொண்டிருந்தவனுக்குத் தூக்கம் எப்படிப் போதாமல் போகும் என்று நானும் கேட்டேன்.

"வரிசை மாமா. மணிக்கு ஒருக்கா ஒரு வண்டி உள்ள போகும். நாம முன்னாடி நகத்தலைன்னா பின்னாடி இருக்கறவன் பூந்துருவான். எப்படிங்க தூங்கறது?"

லாத்தூரில் அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து வரிசையில் நின்றவனுக்கு லோடு ஏறி முடிந்தபோது மாலை ஆறு. "ஏற்கெனவே லேட்டு, ராத்திரியே கிளம்பிடு" என்று ஆபீஸிலிருந்து போன். நடைக்கூலி என்பதால் அவனுக்கும் கிளம்பத்தான் மனசு. நின்ற நாளை ஓட்டத்தில் பிடித்துவிடலாம் என்று.

1997-ல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இருவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. 24 மணி நேரம் என்றால் சுமார் 0.10 சதவீதம். நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்துக்கான வரம்பு 0.03. காலை ஐந்துக்கு எழுந்தவனுக்கு இரவு பத்து மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடும். உடம்பு இயல்பாகவே தூக்கம் கேட்கும் அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரை இனிமேல்தான் வரவேண்டும்.

அன்று அதிகாலை மூன்றரைக்கு ரோட்டோர வரிக்கோடுகள் மேல் டயர் ஏறிய சத்தத்தில் விழித்திருக்கிறான். எவ்வளவு நேரம் கண் மூடியிருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி என்றாலே 50 மீட்டர். அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் வண்டியைப் போட்டுவிட்டுக் கைநடுங்க உட்கார்ந்திருந்தானாம். இதை என்னிடம் சொன்னது ஒரு மாதம் கழித்து. அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 வரை ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நெடுந்தூரம் என்றால் அனுமதியோடு 10 மணி, 54 மணி வரை. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. 2020-ல் வந்த தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பில் இதையும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் நடைக்கூலியில் மணிக்கணக்கே எழுதப்படுவதில்லை. எழுதாத நேரத்தை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பது?

மணிக்கணக்கு எழுதினால் சரியாகிவிடுமா என்று அமெரிக்காவைப் பார்த்தேன். அங்கே 2017 டிசம்பரிலிருந்து லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு, வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் கூலி பெரும்பாலும் மைலுக்கு இவ்வளவு. குடோன் வாசலில் நான்கு மணி நேரம் போனால் அந்த 14 மணியில் அது கழிந்துவிடும், மைல் ஏறாது. மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் டிரைவர்களுக்கு 1938-ன் கூலிச் சட்டத்தில் ஓவர்டைமும் கிடையாது. கடிகாரம் வைத்தும் காத்திருக்கும் நேரத்தின் செலவு டிரைவர் தலையில்தான் விழுகிறது. லாத்தூர் மில் வாசலும் அமெரிக்க குடோன் வாசலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

காகிதத்தில் டிரைவர் கையெழுத்து

கூலியைத் தாண்டி, பிடித்தம் என்று ஒன்று இருக்கிறது. புது டிரைவர் அதிகம் ஏமாறுவது இதில்.

லோடு ஏறும்போது மூட்டையைத் தானே எண்ணவேண்டும். எல்.ஆரில் 200 மூட்டை என்று போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டால், இறக்கும் இடத்தில் 198 இருந்தால் இரண்டு மூட்டை டிரைவர் கணக்கு. இறக்கியதும் 'சரியாக வந்தது' என்று சீல் போட்ட காப்பியை வாங்காமல் கிளம்பக்கூடாது. அது இல்லாமல் வாடகை பாக்கி வராது, வராததற்குக் காரணம் டிரைவர் என்று ஆகிவிடும்.

இ-வே பில்லில் இரண்டு விஷயம் பார்த்தால் போதும். வண்டி நம்பர் சரியா, எந்தத் தேதி வரை செல்லும். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. சேலம் புனே சுமார் 1,050 கிலோமீட்டர் என்றால் ஆறு நாள். வழியில் வண்டி பழுதாகி நின்றால், காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கச் சொல்லி ஆபீஸுக்குப் போன் செய்யவேண்டும்.

கூடுதல் எடைக்கு 2019 திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எடை போட மறுத்தால் 40,000. அபராதத்தை யார் கட்டுவது என்று சேரும்போதே பேசிக்கொள்ளவில்லை என்றால், ரோட்டில் ஆர்.டி.ஓ. முன்னால் நிற்பது டிரைவர் மட்டும்தான்.

சேரும் முன் கேட்கவேண்டியது

'மாதம் எவ்வளவு வரும்' என்று கேட்டால் எல்லாரும் நல்ல தொகைதான் சொல்வார்கள். பேசிய மூத்த டிரைவர்கள் இருவரும் வேறு கேள்விகளைச் சொன்னார்கள்:

- வண்டி நின்றால் எத்தனையாவது நாளிலிருந்து ஹால்டிங் பேட்டா உண்டு? சரக்குக்காரரிடம் கம்பெனி வாங்கும் ஹால்டிங் பணத்தில் டிரைவருக்குப் பங்கு உண்டா?
- மைலேஜ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், குறைந்தால் பிடிப்பீர்களா?
- மூட்டைக் குறைவு, நனைதல், ஓவர்லோடு அபராதம் யார் கணக்கு?
- தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்தலாமா? நிறுத்தினால் லேட் பிடித்தம் உண்டா?
- கணக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை முடிப்பீர்கள்?

இதில் முதல் கேள்வியைத்தான் மருமகன் போய்க் கேட்டான். சரக்குக்காரரிடமிருந்து ஹால்டிங் வாங்கியது ஆபீஸ் கணக்கில் இருந்தது, அவனுக்கு வரவில்லை. மேனேஜர் முதலில் "புதுப் பையனுக்கு அதெல்லாம் எதுக்கு தம்பி" என்றிருக்கிறார். இவன் எந்த வாசலில் எத்தனை மணிக்குப் போய், எத்தனை மணிக்கு உள்ளே விட்டார்கள் என்று நோட்டில் எழுதியிருந்ததைக் காட்டியிருக்கிறான். பழைய கணக்கைத் திறக்கமாட்டோம், இனிமேல் மூன்றாவது நாளிலிருந்து நாளுக்கு 400 ரூபாய் என்று முடிவானது. பெரிய தொகை இல்லை. முதல் இரண்டு நாள் இன்னும் அவனுடைய செலவுதான்.

போன வாரம் சோலாப்பூர் பக்கத்திலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசினான். லோடு ஏறிவிட்டது, ஆனால் காலையில் நாலு மணிக்குத்தான் எடுப்பேன் என்றான். ஆபீஸில் திட்டமாட்டார்களா என்று கேட்டேன்.

"திட்டுவாங்க. திட்டறதை நோட்டுல எழுதற பழக்கம் இல்லீங்க மாமா" என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.